முதல் வேலையில் மாட்டிக்கொண்டால், வாய் திறந்து கேளுங்கள்

பல வருடங்களாகப் புது புரோகிராமர்களோடு வேலை செய்கிறேன். அவர்களை அதிகம் முடக்கிப்போடுவது மௌனம்தான். ‘இதைக்கூடக் கேட்டால் என்ன நினைப்பார்களோ’ என்று தயங்கி, காலையில் வந்த எர்ரரோடு மாலை வரை மல்லுக்கட்டுவார்கள். மறுநாள் மீட்டிங்கில் ‘போய்க்கிட்டிருக்கு’ என்பார்கள்.

கல்லூரி புராஜெக்ட் நாமே தொடங்கி நாமே முடித்தது. வேலையில் கைக்கு வருவது பலர் பல வருடமாக எழுதிய கோட். எழுதியவர்களில் சிலர் வேலையை விட்டே போயிருப்பார்கள். அதை ஒரு வாரத்தில் கரைத்துக் குடிக்க சீனியராலும் முடியாது. ஒரு பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பிரேக்பாயிண்ட் (ஓடும் கோடை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க வைக்கும் குறி) வைத்து, அந்த ஒரு வழியை மட்டும் டேட்டாபேஸ் வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். புரியாத வரி கண்ணில் பட்டால், கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ கருவியில் ‘கிட் பிளேம்’ போடுங்கள். அந்த வரியைக் கடைசியாக யார், எந்த மாற்றத்தில் தொட்டார்கள் என்று காட்டும். ஏன் அப்படி எழுதினார்கள் என்பது பல நேரம் அந்த மாற்றத்தைப் பதிவு செய்தபோது எழுதிய குறிப்பில், அதாவது கமிட் மெசேஜிலேயே இருக்கும்.

எர்ரரைப் பார்த்ததும் பதறி மூடிவிடாதீர்கள். பைத்தானில் கடைசி வரியைப் படியுங்கள். ஜாவாவில் கடைசியாக வரும் ‘காஸ்டு பை’ (Caused by) வரியைத் தேடுங்கள், மூல காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லையா? சரி, கேட்டுவிடுங்கள். ‘லாகின் ஒர்க் ஆகல’ என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். ‘டெஸ்ட் சர்வரில் லாகின் செய்தால் 401 வருது, என் மெஷினில் வரல. டோக்கன் காலாவதி ஆகல, பார்த்துட்டேன். கான்ஃபிக் வேறயா இருக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். (401 என்றால் நீங்கள் யார் என்று உறுதியாகாமல் சர்வர் மறுப்பது; டோக்கன் என்பது லாகின் செய்ததற்கான அடையாளச் சீட்டு.) உங்கள் வேலை பாதி முடிந்திருப்பது கேட்பவருக்கே தெரியும்.

எதையாவது உடைத்துவிடுவோமோ என்ற பயமும் உண்டு. ரீபேஸில் (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மாற்றி அடுக்கும்போது) ஒரு கமிட் காணாமல் போனால், நீங்கள் இருந்த இடங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட் ரெஃப்லாக்’ பாருங்கள். செட்டிங்கை மாற்றாதவரை 30 நாளாவது அதில் தடயம் இருக்கும். 2017 ஜனவரி 31 அன்று கோடைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 6 மணி நேர டேட்டா போனது. பேக்கப்புகள் ஒழுங்காக ஓடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. உங்களைப் போல் சேர்ந்து சில வாரமே ஆன ஒருவரால், பயனர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான புரொடக்‌ஷனை அழிக்க முடிகிறது என்றால், அந்த அனுமதியைக் கொடுத்தவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், டீம் லீடுகளுக்கு. ‘டவுட் இருந்தா கேளுங்க’ என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டால் யாரும் வரமாட்டார்கள். முதல் மாதமாவது தினமும் பதினைந்து நிமிடம் நீங்களே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எங்க நிக்குது, காட்டுங்க’ என்று கேளுங்கள். ‘எல்லாம் ஓகேதானே?’ என்று கேட்டால் ‘ஓகே’ என்றுதான் பதில் வரும்.