புல்வெளியில் தேர்தல் பலகை: ஊன்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

தேர்தல் நெருங்கினால் என் காரின் பின்னிருக்கையில் ஓர் அளவுநாடா குடியேறிவிடும். டெக்சஸில் டாலஸை ஒட்டிய புறநகர்களில் வீட்டு உரிமையாளர் சங்கங்களை நிர்வகிப்பது என் தொழில். நம்மவர்கள் 'எச்ஓஏ' என்றே சொல்லிப் பழகிவிட்ட சங்கங்கள்தான். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும் புகார்களில் பெரும்பாலானவை வேட்பாளருக்கு ஆதரவாக வீட்டு முன்முற்றத்தில் ஊன்றிய தேர்தல் பலகைகளைப் பற்றியவை. போன் செய்பவர் வேட்பாளரின் பெயரில் ஆரம்பிப்பார். "சாலையோரக் கல்லிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது?" என்று நான் கேட்பேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிடும்.

நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு புல்பட்டை இருக்கிறதே, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். தண்ணீர் பாய்ச்சுவது நீங்கள், புல் வெட்டுவதும் நீங்கள். ஆனால் அது பொதுவழிக்கு ஒதுக்கப்பட்ட இடம். நடைபாதையே இல்லாத தெருவில் எல்லை எங்கே முடிகிறது என்பது வீடு வாங்கியபோது கொடுத்த சர்வே வரைபடத்தைப் பிரித்தால்தான் தெரியும். நெடுஞ்சாலைக்குரிய இடத்தில் இதை வைப்பது மாநிலச் சட்டத்தை மீறுவதாகும் என்ற எச்சரிக்கையைத் தேர்தல் பலகையிலேயே அச்சிட வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. நகராட்சி ஆட்கள் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, எதிர்த்தரப்பு திருடிவிட்டது என்று எனக்குப் போன் வரும்.

சங்கம் நினைத்தால் பலகையே கூடாது என்று தடுக்க முடியுமா? டெக்சஸில் முடியாது. வாக்குப்பதிவு நாளுக்கு 90 நாட்கள் முன்பிருந்து, அது முடிந்த 10ஆம் நாள் வரும்வரை, உரிமையாளர் தன் இடத்தில் பலகை வைப்பதைச் சங்கம் தடை செய்யக் கூடாது. 2024 நவம்பர் 5 தேர்தலுக்கு அந்தக் கணக்கு ஆகஸ்ட் 7இல் தொடங்கியது. ஆனால் தரையில்தான் ஊன்ற வேண்டும், ஒரு வேட்பாளருக்கு ஒன்றுதான் என்று சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம். 4 அடிக்கு 6 அடியைவிடப் பெரியது, மரத்திலோ விளக்குக் கம்பத்திலோ கட்டியது, பலூனும் விளக்கும் தொங்கவிட்டது ஆகியவற்றையும் தடுக்கலாம். மீறினால் அகற்றலாம்.

"பேச்சுரிமை என்னாயிற்று?" என்று கேட்பவர்களுக்கு மிசௌரி மாநிலத்து லடூ நகரக் கதையைச் சொல்வேன். வளைகுடாப் போரை எதிர்த்து 1990இல் மார்கரெட் கில்லியோ என்ற பெண்மணி தன் வீட்டு முன் பலகை வைத்தார். முதல் பலகை காணாமல் போனது, இரண்டாவதை யாரோ சாய்த்துப் போட்டார்கள். போலீஸிடம் போனால், நகர விதிப்படி பலகையே தப்பு என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1994இல் நீதிபதிகள் அனைவரும் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். அது நகராட்சியைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. சங்கமோ நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த தனியார் அமைப்பு. மாநிலங்கள் தனிச்சட்டம் போட வேண்டி வந்ததற்குக் காரணம் அதுதான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்கத்திய சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நம்மவர்கள் கவனிக்காத இன்னொன்று பணம். பிரசாரக் குழுவிடம் காசு கொடுத்துப் பலகை வாங்கினால் அது நன்கொடைக் கணக்கில் சேரும். எச்1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் அமெரிக்கத் தேர்தல் எதற்கும் நன்கொடை கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. நம் ஊர்ப் பெயருள்ள ஒருவர் நிற்கிறார் என்ற உற்சாகத்தில் இருபது டாலரை நீட்டிவிட்டு, பிறகு பதறிப்போய் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சம்பளம் வாங்காமல் தொண்டராக உழைப்பதற்குத் தடையில்லை.

ஓர் அக்டோபரில் மதுரையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், அடுத்த வீட்டுப் புல்வெளியிலிருந்து இரண்டு பலகைகளை உருவிவந்து, தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு வெயில் மறைப்பாக நட்டுவிட்டார். அவருக்கு அரசியலே இல்லை. நெளிவுள்ள பிளாஸ்டிக் அட்டை, உறுதியான கம்பி, வீணாக நிற்கிறதே என்று நினைத்தார். அழைப்புமணிக் காமிரா அத்தனையும் பிடித்திருந்தது. அடுத்தவர் பலகையை எடுப்பது இங்கே திருட்டு. போலீஸ் வரை போகும். "ஐயா, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்" என்றேன். "எங்கள் ஊரில் கேட்காமலே நம் சுவரில் எழுதிவிட்டுப் போவான் தம்பி, இங்கே அட்டையைத் தொட்டால் குற்றமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மருமகள் ஒரு டப்பா முறுக்கோடு பின்னால் போனாள். புகார் அங்கேயே முடிந்தது.

தேர்தல் முடிந்ததும் பலகையை எடுப்பவர்கள் அட்டையை மட்டும் உருவிக்கொண்டு கம்பியை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். புல் வளர்ந்து அது மறைந்துவிடும். அடுத்த முறை புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி அதில் மோதும்போது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கம்பியை நேராக மேலே இழுங்கள். அசைத்து அசைத்து இழுத்தால் பக்கத்தில் ஓடும் தெளிப்பான் குழாய் உடையும். அந்தப் புகாரும் எனக்குத்தான் வரும்.