கொடைக்கானலில் சுழன்ற கொட்டாங்குச்சி

ஒரு ஆடி மாதம், கொடைக்கானலில் அத்தை வீட்டு மொட்டை மாடியில் நாலு கொட்டாங்குச்சியை வைத்து, காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி செய்தேன். பழைய சைக்கிளின் சக்கர அச்சு, குறுக்கே கட்டிய இரண்டு மூங்கில் குச்சி, முனைக்கு ஒரு கொட்டாங்குச்சி. சுற்றும் வரிசையில் ஒன்றின் குழிவு அடுத்ததன் முதுகைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "துணி காயப்போட இடம் விடுடா" என்றார் அத்தை. மேல்காற்று வந்ததும் அது கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது.

காற்று எல்லாக் கிண்ணத்தையும்தானே தள்ளுகிறது, அப்புறம் ஏன் சுற்றுகிறது? ஒரு பக்கம் அது குழிவுக்குள் போய் முட்டுகிறது; மறுபக்கம் உருண்டை முதுகில் பட்டு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அரைக்கோளக் கிண்ணத்தின் குழிவு வாங்கும் தள்ளல், முதுகு வாங்குவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏதோ ஒரு குழிவு அதற்கு அகப்பட்டுவிடும், கருவியைத் திருப்பிவைக்கும் வேலையே இல்லை. எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான்.

இந்த நாலு கிண்ணக் கருவியை 1846-ல் கொண்டுவந்தவர், அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் இருந்த தாமஸ் ராம்னி ராபின்சன். கிண்ணம் பெரிதோ சிறிதோ, காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் ஓடும் என்றார். அது தப்புக் கணக்கு. கிண்ணத்தின் அளவையும் அதைத் தாங்கும் கையின் நீளத்தையும் பொறுத்து அந்தப் பங்கு மாறும். அதனால்தான் கருவிகளை, தெரிந்த வேகத்தில் காற்று வீசவைக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். மொட்டை மாடிக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கே போதும். என் குச்சியின் கை 20 செ.மீ.; ஒரு சுற்றுக்கு 126 செ.மீ.; அதற்குள் காற்று சுமார் 3.8 மீட்டர் கடந்திருக்கும். விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்குச் சுமார் 13.6 கி.மீ.

ஒரு கோளாறு சீக்கிரமே தெரிந்தது. காற்று நின்ற பிறகும் கொட்டாங்குச்சி நிற்கவில்லை. கனம் அப்படி. நல்ல கருவிக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு: காற்று ஏறினால் சட்டென்று வேகம் பிடிக்கும், இறங்கினால் மெதுவாகத்தான் தணியும். விட்டுவிட்டு வீசும் காற்றில் சராசரி கூடுதலாகக் காட்டும். கிண்ணங்களை லேசாகச் செய்வது இதைக் குறைக்கத்தான்.

மலையில் இன்னொரு சந்தேகமும் வரும். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நாலு பங்குதான். தள்ளல் குறைந்தால் அளவும் குறையாதா? குறையாது. குழிவில் விழும் தள்ளலும் முதுகு சந்திக்கும் தடையும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. அச்சின் உராய்வு சொற்பமாக இருந்தால் சுழலும் வேகம் அப்படியேதான் இருக்கும். குழாய்க்குள் புகும் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் டைன்ஸ் வகைக் கருவிதான் ஏமாறும். கடல்மட்டத்துக்குச் சரிசெய்ததை இங்கே வைத்தால் பத்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லும்.

கிண்ணம் போக முடியாத இடத்துக் காற்றையும் இதே ஊரில் அளந்திருக்கிறார்கள். 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள சூரிய ஆய்வகத்தில், 1909 ஜனவரியில், வானியலாளர் ஜான் எவர்ஷெட் ஒரு சூரியக் கரும்புள்ளியின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடு விழுந்த பட்டையை, பார்த்துக்கொண்டிருந்தார். வத்தலக்குண்டு மலைப்பாதையில் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் கீச்சென்றும், கடந்துபோனதும் கொஞ்சம் தடித்தும் கேட்கும் இல்லையா? ஒளிக்கும் அதே கதைதான்: நெருங்கி வரும் வாயுவின் கோடுகள் நீலப் பக்கமும், விலகிப் போவதன் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். சூரியனின் ஓரத்தை நெருங்கிய கரும்புள்ளியில், அதைச் சுற்றிய மங்கல் வளையத்தின் ஓரப் பக்கம் சிவப்புக்கும், நடுச்சூரியனை ஒட்டிய பக்கம் நீலத்துக்கும் நகர்ந்திருந்தது. அதாவது, வாயு புள்ளியிலிருந்து வெளிநோக்கி, சூரியப் பரப்பை ஒட்டியே நாலாபக்கமும் பாய்கிறது. வேகம் விநாடிக்குச் சுமார் 2 கி.மீ.

என் கொட்டாங்குச்சிக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 530 சுற்று. மூங்கில் தாங்காது.