குடிக்கவும் தெரியாது, வியர்க்கவும் தெரியாது

நீச்சல் குளத்தில் ஒருவர் குதித்தால் அரை வாளி தண்ணீராவது கரைக்கு வரும். ஏறி வருபவரின் உடம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் சொட்டும். கரையில் நிஜப் புல் இருந்தால் நாலு நாளில் அந்த இடம் மிதிபட்டுச் சேறாகும், அந்தச் சேறு காலோடு குளத்துக்குள் போகும், வெட்டிய புல்லோ ஃபில்டரை அடைக்கும். குளத்தோரத்தில் செயற்கைப் புல் பதிக்க நினைப்பது இதனால்தான்.

ஆனால் நிஜப் புல் சத்தமில்லாமல் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. அதன் வேர் தண்ணீரைக் குடித்தது, இலை அதை ஆவியாக வெளியே விட்டது. பிளாஸ்டிக் புல் குடிக்காது, வியர்க்கவும் வியர்க்காது. அதைப் பதிக்கும் வேலை முழுவதும் இந்த இரண்டு குறைகளுக்கும் ஈடு தேடுவதுதான்.

ஒரு துண்டை வெட்டித் திருப்பிப் பாருங்கள். மேலே பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த இழைகள். அவற்றுக்கிடையே காய்ந்த புல் போலச் சுருண்டிருக்கும் பழுப்பு இழைகள். இவை நெட்டை இழைகள் சாயாமல் முட்டுக் கொடுக்கின்றன. அடியில் இருக்கும் முரட்டுத் துணியில் எல்லா இழைகளும் தையல் வரிசைகளாகக் கோக்கப்பட்டிருக்கும். தையல் உருவிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் லேடெக்ஸோ பாலியூரிதேனோ பூசியிருப்பார்கள். இந்தப் பூச்சு தண்ணீரை விடாது. அதனால்தான் சில அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டிருக்கிறார்கள். புல்மேல் விழும் தண்ணீருக்குப் பெரும்பாலும் அந்தத் துளைகள்தான் வழி.

ஆரம்ப காலச் செயற்கைப் புல் நைலானில் வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ல் திறந்த ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை மூடிய அரங்கத்தில் முதலில் நிஜப் புல்தான் வளர்த்தார்கள். கூரை வழியே வந்த வெளிச்சத்தில் கண் கூசிப் பேஸ்பால் வீரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்தது. 1966-ல் அங்கே நைலான் புல் விரித்தார்கள். நைலான் ஈரத்தை ஓரளவு உறிஞ்சும், தோலையும் தேய்க்கும். பாலிஎதிலீன் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, வெறுங்காலுக்கும் மெத்தென்று இருக்கும். குளத்தோரத்துக்கு அதுவே பொருத்தம்.

சரி, துளை வழியே இறங்கிய தண்ணீர் எங்கே போகும்? என் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட வேலை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மேல்மண்ணை எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துவிட்டு உடைத்த ஜல்லியும் கல் தூளும் கலந்து நிரப்புகிறார்கள். உருண்டைக் கூழாங்கல் இதற்கு உதவாது, மிதித்தால் உருளும். உடைத்த கல்லின் முனைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், இடுக்குகளில் தண்ணீரும் இறங்கும். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் இறுக்கினால் மேலே மட்டும் இறுகி அடியில் தொளதொளவென்று இருக்கும். அதனால் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். குளத்துச் சுவரை ஒட்டியும் குழாய் போகும் இடத்திலும் அதிரும் இயந்திரத்தைக் கொண்டுபோகாமல் கையால் திமிசு போடுவது நல்லது.

வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இறக்கம் போதும். இரண்டு மீட்டர் அகலக் கரையில் இது அதிகபட்சம் நாலு விரல்கட்டை கூட வராது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். வாட்டம் குளத்தைப் பார்த்து இருந்தால் ஒவ்வொரு மழையும் கரை அழுக்கைக் குளத்துக்குள் கழுவிவிடும். கீழே ஏற்கெனவே கான்கிரீட் இருந்தால் தண்ணீர் இறங்க வழியே இல்லை. அந்தக் கான்கிரீட்டில் வாட்டம் இல்லாமல் மேலே புல்லை ஒட்டினால் ஈரச்சாக்கை விரித்த மாதிரிதான், நாற்றம் வராமல் போகாது.

இன்னொரு விஷயம், இதில் விளையாட்டு கூடாது. பல குளங்களில் ஷாக் அடிக்காமலிருக்க ஏணி, கைப்பிடி, கான்கிரீட் கம்பி எல்லாவற்றையும் ஒரே மின்னழுத்தத்தில் வைக்கக் கரையைச் சுற்றி மண்ணுக்குள் செப்புக் கம்பி ஓடும். ஜல்லிக்காகத் தோண்டும்போது அதை வெட்டிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. அதனால் மண்வெட்டி எடுக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிடுங்கள்.

விரிப்பதில் கவனம் தேவைப்படுவது மூட்டில். இழைகள் எல்லாச் சுருளிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு பட்டையைத் திருப்பிப் போட்டால் அது மட்டும் வேறு பச்சையாகத் தெரியும். ஓரத்துத் தையல் வரிசைகளைப் பின்பக்கமிருந்து கத்தியால் நீக்கி, இரண்டு விளிம்புகளையும் அடியில் ஒரு நாடாமேல் சேர்த்து ஒட்டுவார்கள். இடைவெளி ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இருக்கிற தூரமே இருக்க வேண்டும். பசையில் ஒரு இழை மாட்டினாலும் அது நிமிராது, குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியதுதான். அப்புறம் சிலிக்கா மணலைத் தூவித் துடைப்பத்தால் எதிர்த்துப் பெருக்கினால் இழைகள் எழும், மணல் அடியில் உட்கார்ந்து விரிப்பைக் கனமாக்கும். இந்த மணல் குளத்துக்குள் போகாமலிருக்கப் புல்லைத் தண்ணீர் விளிம்பு வரை கொண்டுபோகாமல் ஓரக்கல்லோடு நிறுத்துவதே என் விருப்பம்.

குளோரின் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் குளோரின் பாலிஎதிலீனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் அதற்கு நிஜ எதிரி. உப்புநீர்க் குளமென்றால் தண்ணீர் காய்ந்து உப்பு தங்கும், அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவினால் போதும்.

மிச்சமிருப்பது வியர்வை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தில் ஏழு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்துவிடலாம். நிஜப் புல் வெயிலில் விழும் வெப்பத்தில் பெரும்பகுதியை இப்படித்தான் செலவழிக்கிறது. பிளாஸ்டிக் புல்லுக்கு அந்த வழி கிடையாது, உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் உடனே குளிரும், ஆனால் அந்த ஈரம் காயும் வரைதான். நிழல் ஒன்றே நிலைத்த வழி. கறுப்பு ரப்பர் துகளை மணலுக்குப் பதிலாகப் போடுவது இந்த இடத்துக்கு மோசமான யோசனை.

கடைசியாக, வீட்டு ஜன்னல். வெப்பத்தைத் திருப்பும் பூச்சு கொண்ட இரட்டைக் கண்ணாடி சில சமயம் லேசாக உள்வாங்கிக் குழியாடி போல வெயிலைக் குவிக்கும். பாலிஎதிலீன் உருக 110 முதல் 130 டிகிரி போதும், சுருங்க அதற்கும் குறைவு. சூரியன் நகர நகர அந்த வெளிச்சப் பட்டையும் நகரும். அது போன வழியெல்லாம் இழைகள் தலைகுனிந்து, இஸ்திரிப் பெட்டி இழுத்த தடம் மாதிரி ஒரு கோடு நிற்கும்.