3412, 4231: வடிவத்தின் பழுதைச் சொல்லும் எண்வரிசைகள்

சென்னைக் கோட்டையில் சுதந்திர தினத்தன்று கொடி ஏறும்போது, வடிவியலின் மூன்று பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி நம் கண்முன் நிற்கின்றன. கம்பத்தின் அடி ஒரு புள்ளி. அப்புள்ளியின் வழியே எழும் கம்பம் ஒரு கோடு. அக்கோட்டைத் தன்னுள் கொண்ட துணி ஒரு தளம். கணிதத்திலும் இதற்குக் கொடி என்றே பெயர். காற்றில் துணி மடிவதை மட்டும் கணிதம் கண்டுகொள்வதில்லை. கோடும் தளமும் முடிவின்றி நீள்வதாகவே அது கொள்கிறது.

இக்கொடிகளின் இயற்கணித வடிவியலைத் தம் ஆய்வுத் துறையாகக் கொண்டவர் வி. லட்சுமிபாய். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சி. முசிலியின் வழிகாட்டுதலில் 1976இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், முசிலியுடனும் சி. எஸ். சேஷாத்ரியுடனும் இணைந்து, பிரிட்டன் கணிதவியலாளர் ஹாட்ஜ் 1940களில் தொடங்கிவைத்த ஒரு கணக்கிடும் முறையைப் பல்வகைக் கொடிவெளிகளுக்கும், அதாவது கொடிகள் எல்லாம் சேர்ந்து அமையும் வெளிகளுக்கும், விரித்தெழுதினார். சென்னை லயோலா கல்லூரியில் படித்த சேஷாத்ரி, 1984இல் தரமணிக்குத் திரும்பி, இன்று சிறுசேரியில் இயங்கும் கணிதவியல் கழகத்தை 1989இல் தொடங்கியவர். லட்சுமிபாயோ பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அமெரிக்கக் கணிதக் கழகம் தேர்ந்தெடுத்த முதல் அணி மதிப்புறு உறுப்பினர்களில் (ஃபெலோ) அவரும் ஒருவர். அவர் பெயர் நிலைத்திருக்கும் முடிவுகளில் ஒன்றைப் பள்ளி மாணவரும் தாளில் சரிபார்த்துவிடலாம் என்பதால், அதையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

ஒரு கொடியை அசையாமல் நிறுத்திவைத்து, இன்னொன்றை விருப்பம்போல் அசைப்போம். புள்ளியை நகர்த்த மூன்று திசைகள், அதன் வழியே கோட்டைத் திருப்ப இரண்டு, கோட்டைச் சுற்றித் தளத்தைத் திருப்ப ஒன்று என அசையும் கொடிக்கு ஆறு பரிமாணச் சுதந்திரம் உண்டு. அசையாக் கொடியோடு அது கொள்ளக்கூடிய உறவுநிலைகள் 24. அவை 1, 2, 3, 4 என்னும் எண்களை மாற்றி அடுக்கும் 24 வரிசைகளோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துகின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் உரிய கொடிகளையும் அவற்றின் எல்லைநிலைகளையும் சேர்த்துத் திரட்டினால் கிடைப்பது ஷூபர்ட் வடிவம். பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் சோடிகளை எண்ணினால் அதன் பரிமாணம் வந்துவிடும்: 4231இல் ஐந்து, 3412இல் நான்கு.

4231 சொல்லும் நிபந்தனை ஒன்றுதான்: அசையும் கோடு, அசையாக் கோட்டைத் தொட வேண்டும். இரு கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும்வரை சிக்கல் இல்லை. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டால், அசையும் கோட்டைத் தன் எந்தப் புள்ளியை அச்சாகக் கொண்டும் எப்பக்கமும் சாய்க்கலாம். இந்த அசைவுகளை ஒன்றுகூட்டினால் கோட்டுக்கு இயலும் நான்கு திசைகளும் கிடைத்துவிடுகின்றன. புள்ளிக்கும் தளத்துக்கும் உரிய இரண்டையும் சேர்க்க, ஐந்து பரிமாண வடிவத்தில் தொடுதிசைகள், அதாவது அவ்விடத்திலிருந்து வடிவத்தை ஒட்டி நகரத் தொடங்கும் திசைகள், ஆறாகின்றன. கூம்பின் முனையில் விரலை வைத்தால் எந்தப் பக்கம் சரிவு என்று சொல்ல முடியாதது போன்ற நிலை இது. வழவழப்பான இடத்தில் தொடுதிசைகள் பரிமாணத்துக்குச் சமமாக இருக்கும்; இங்கே மிஞ்சிவிட்டதால் வழவழப்பு கெட்டுவிட்டது.

இந்தத் தொடுதிசைகளை எண்ணும் வழியை லட்சுமிபாயும் சேஷாத்ரியும் 1984இல் அளித்தனர். 1, 2, 3, 4 என முனைகள் இடப்பட்ட ஒரு நான்முகியை எண்ணிக்கொள்க. அசையாக் கொடி என்பது முனை 1, விளிம்பு 12, முகம் 123. இரண்டு முனைகளை மட்டும் இடம்மாற்றும் வழிகள் ஆறு. அப்படி மாற்றிக் கிடைக்கும் கொடிகளில் எத்தனை நம் வடிவத்துக்குள் விழுகின்றனவோ, அசையாக் கொடியின் இடத்தில் தொடுதிசைகள் அத்தனையே. 4231க்கு ஆறும் விழுகின்றன, ஏனெனில் விளிம்பு 12ஐத் தொடாத ஒரே விளிம்பான 34 அந்த ஆறு கொடிகளில் எதிலும் வருவதில்லை. 3412இன் நிபந்தனை, அசையும் புள்ளி முகம் 123இல் இருக்க வேண்டும், அசையும் தளம் முனை 1ஐக் கொள்ள வேண்டும் என்பது. 1ஐயும் 4ஐயும் மாற்றினால் மட்டுமே அது தவறுகிறது. எனவே தொடுதிசைகள் ஐந்து, பரிமாணமோ நான்கு.

மற்ற 22 வரிசைகளில் இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தி, வடிவங்கள் வழவழப்பாக அமைகின்றன. பரிமாணம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு லட்சுமிபாயும் பி. சந்தியாவும் 1990இல் விடை தந்தனர்: எத்தனை எண்களை அடுக்கினாலும், அவற்றுள் ஏதேனும் நான்கு எண்கள் தமக்குள் 3412 அல்லது 4231 என்னும் ஏற்றஇறக்கத்தில் நின்றால் வடிவம் பழுதுள்ளது, இல்லையேல் வழவழப்பானது. 52341இல் 5, 2, 3, 1 என்பவை 4231 போல் நிற்கின்றன; 35142இல் 3, 5, 1, 2 என்பவை 3412 போல் நிற்கின்றன. நான்கு எண்களில் கண்ட இரண்டு பழுதுகளே எல்லாப் பரிமாணங்களிலும் போதுமானவையாக இருப்பதுதான், என் பார்வையில், இதன் வியப்பு.

எண்கள் பெருகப் பெருக இவ்விரு ஏற்றஇறக்கங்களுக்கும் தப்புவது அரிதாகிறது: ஐந்து எண்களின் 120 வரிசைகளில் 88, ஆறின் 720இல் 366, ஏழின் 5040இல் 1552 மட்டுமே வழவழப்பானவை.