கரண்ட் வைக்கும் முன் காப்பீட்டை முடியுங்கள்

'கரண்ட் வைக்கணும்', அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், என்று டாக்டர் சொன்ன அன்றே காப்பீட்டு வேலையைத் தொடங்கிவிடுங்கள். தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் இந்தச் சிகிச்சை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அரசாணைக் கதை இவ்வளவு போதும்.

இதில் ஏன் இத்தனை அவசரம்? கதிரை மொத்தமாக ஒரே நாளில் கொடுக்க முடியாது. பெரும்பாலும் நாளுக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), வாரத்தில் 5 நாள், 5 முதல் 7 வாரம் வரை போகும். இடையில் நல்ல செல்கள் தேறிக்கொள்ளும். நடுவில் நாள் தவறினால் புற்றுச் செல்களும் தேறிப் பெருகும். 'ஃபைல் வரலை, திங்கள்கிழமை வாங்க' என்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்குத் தொண்டையில் புற்று. வருமானச் சான்றில் ஒரு இனிஷியல், ரேஷன் ஸ்மார்ட் கார்டில் வேறொன்று. திருத்த அலைந்ததில் மூன்று வாரம் போனது. அதற்குள் ஆள் மெலிந்து, கதிர் கொடுக்கும்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு அளவெடுத்துச் செய்த மாஸ்க் தொளதொளத்துவிட்டது. மறுபடி சி.டி. ஸ்கேன், மறுபடி முதலிலிருந்து பிளானிங்.

ஆகவே, ஆதார், ஸ்மார்ட் கார்டு, வருமானச் சான்று மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். நோயாளியின் பெயர் அந்த ஸ்மார்ட் கார்டில் இருக்கிறதா? கட்டிக்கொடுத்த மகளின் பெயர் புகுந்த வீட்டு கார்டுக்குப் போயிருக்கும். அப்பா கார்டை நீட்டிப் பயனில்லை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் பதியுங்கள்.

அடுத்த பொறி ஆஸ்பத்திரியில். வாசலில் திட்டத்தின் போர்டு தொங்கினால் போதாது. 'இங்கே ரேடியேஷனுக்குத் திட்டத்தில் அனுமதி இருக்கா?' என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். சந்தேகமா, திட்டத்தின் உதவி எண் 1800 425 3993. முன் அனுமதி வந்த பிறகுதான் சிகிச்சை; கையிலிருந்து கட்டிவிட்டு ரசீதைக் காட்டி வாங்கும் திட்டம் இல்லை இது. 'அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் கழிச்சுக்கலாம்' என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

வெளியூர் போய்வருபவர்களுக்கு ரயில் சலுகையும் உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுத் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். இதற்கு ஆஸ்பத்திரி தரும் சான்று ரயில்வே படிவத்தில்தான் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டை நீட்டினால் கவுன்டரிலிருந்து அப்படியே திரும்பி வரும்.