மறுபயனீடா, மறுசுழற்சியா? ஹோட்டல் தொட்டிமேல் எழுதும் சொல்

‘ரீசைக்கிள்’ என்ற சொல் குப்பைத் தொட்டியில் பிறந்ததல்ல. 1920களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் புழங்கத் தொடங்கிய தொழிற்சொல் அது. ஒரு சுற்றில் முழுதாகப் பக்குவப்படாத எண்ணெயை அதே கருவிகளுக்குள் மீண்டும் செலுத்துவதை அப்படி அழைத்தார்கள். ‘சைக்கிள்’ என்பதன் வேர் சக்கரத்தையும் வட்டத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றுக்கு அது பரவலாக ஆனது 1960களுக்குப் பிறகுதான். ஆக, பொருள் மறுபடி ஆலைக்குள் போக வேண்டும் என்பது அந்தச் சொல்லின் உயிர்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் நடமாடுகின்றன. தமிழ்நாட்டில் மறுசுழற்சி, இலங்கையில் மீள்சுழற்சி. சிங்கப்பூரில் மறுசுழற்சியோடு மறுபயனீடும் வேரூன்றியிருக்கிறது. முயல் என்பதிலிருந்து முயற்சி வந்ததுபோல் சுழல் என்பதிலிருந்து சுழற்சி வந்தது. வட்டம் அதற்குள்ளேயே இருக்கிறது. பயனீடு என்பது பயன் + ஈடு. முதலீடு, வெளியீடு, ஒதுக்கீடு ஆகியவற்றில் உள்ள அதே ஈடு. ‘இடு’ நீண்டு பெயரானது. பயன்பாடு என்பதில் ‘படு’ நீண்டு ‘பாடு’ ஆகியிருக்கிறது. இலக்கணப்படி இரண்டும் குற்றமற்றவை. ஆனால் இரண்டிலும் ஆலை இல்லை, உருமாற்றம் இல்லை. பயன் மட்டுமே இருக்கிறது.

மறுபயனீடு என்றால் ரீசைக்கிள், மறுபயன்பாடு என்றால் ரீயூஸ் என்று ஒரே ஹோட்டல் ஊழியர் அறிவிப்பில் அடுத்தடுத்து அச்சிட்டால், இரவு வேலை முடித்து வருபவர் அவற்றைப் பிரித்துப் படிக்கமாட்டார். அது அவர் தவறுமல்ல.

ஹோட்டல் அறைக்குள் இந்த வேறுபாடு மிகத் துல்லியமானது. விருந்தினர் கொக்கியில் மாட்டிய துண்டை மாற்றாமல் விடுவது மறுபயன்பாடு. குளியலறைச் சுவரில் பொருத்திய ஷாம்பு பம்ப் பாட்டிலை நிரப்புவதும் அதுதான். (பாட்டிலின் அடியில் மிச்சம் இருக்கும்போதே மேலே ஊற்றக்கூடாது. பழைய திரவத்தில் கிருமி வளர்ந்தால் புதியதும் கெடும். காலி செய்து, கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும்.) அந்தப் பாட்டில் உடைந்து, பிளாஸ்டிக் துகளாக அரைபட்டு, வேறு பொருளாக வார்க்கப்பட்டால்தான் மறுசுழற்சி. அதற்கு அனுப்புமுன் பம்ப் தலையைக் கழற்ற வேண்டும், பெரும்பாலானவற்றில் உள்ளே உலோகச் சுருள்வில் இருக்கும். 30 மில்லி குட்டிப் பாட்டில்களை நம்பிச் சேர்த்துவைப்பதில் பலன் குறைவு. தரம்பிரிக்கும் இடத்தில் சிறிய பொருள்கள் இடுக்குகளில் நழுவிக் கழிவோடு போய்விடும். பயன்படுத்திய சோப்புக்கட்டியோ மேற்பரப்பைச் சுரண்டி, கிருமி நீக்கி, அரைத்து, மறுபடி அச்சில் அழுத்தப்படுகிறது. மறுசுழற்சிக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஹோட்டலில் இல்லை.

சமையலறைப் பக்கம் தவறுகள் இன்னும் அதிகம். எண்ணெய் ஊறிய அட்டையைச் சுத்தமான அட்டையோடு போடுவது முதல் தவறு. காகிதக் கூழில் எண்ணெய் பிரியாது, நாரில் ஒட்டிக்கொள்ளும். உடைந்த ஒயின் பாட்டிலை அட்டைக் கட்டின் மேல் வீசுவது அடுத்தது. சில்லுகள் காகிதத்துக்குள் புதைந்து அந்தக் கட்டையே பயனற்றதாக்கும். பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்தால் பயோடீசலுக்குப் போகும், பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால், கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிடித்துவைக்கும் கிரீஸ் டிராப் அடைத்துக்கொள்ளும். உணவுக்கழிவு இயந்திரத்துக்குள் பல்குத்தியும் டிஷ்யூவும் தடித்த எலும்பும் போகக்கூடாது.

சிங்கப்பூரின் வீடமைப்பு வட்டாரங்களில் உள்ள நீலத்தொட்டி, 2001இல் தொடங்கிய தேசியத் திட்டத்தைச் சேர்ந்தது. அதில் காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் எல்லாம் ஒன்றாகப் போகும். ஹோட்டல் தன் கழிவை அகற்ற உரிமம் பெற்ற நிறுவனத்தைத் தானே அமர்த்துகிறது. எதைச் சேர்த்துப் போடலாம், எதைப் பிரிக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வீட்டுப் பழக்கத்தை வைத்து, ஹோட்டலின் குப்பை சேர்க்கும் இடத்தில் (‘பின் சென்டர்’) முடிவெடுக்க வேண்டாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கணக்கிலும் இந்தச் சொல் குறுக்கிடுகிறது. 2014 முதல் 200 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல்கள் கழிவின் அளவையும் குறைக்கும் திட்டத்தையும் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் தெரிவிக்க வேண்டும். நிரப்பிப் பயன்படுத்திய பாட்டில் கழிவாகவே ஆகவில்லை. அதன் எடையை ரீசைக்கிள் வரிசையில் ஏற்றினால் எண் பொய்யாகிறது. நாட்டின் ஒரே குப்பை நிரப்புமிடமான செமக்காவ் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டிருக்கும்போது, இந்த எண்கள் சரியாக இருப்பது சின்ன விஷயமல்ல.

பழைய பொருள் வாங்குபவரை இங்கே ‘கராங் குனி’ என்போம். மலாயில் கராங் என்றால் சாக்கு. குனி நம் கோணியின் உறவுக்காரச் சொல். அவர் வாங்கும் ரேடியோ பழுதுபார்த்து விற்கப்பட்டால் மறுபயன்பாடு. செம்புக் கம்பிக்காக உரிக்கப்பட்டால் மறுசுழற்சி. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது, தாங்கட்டும்.

அறிவிப்புப் பலகையில் தாங்காது. ஊழியர் அறிவிப்பு எழுதுவோருக்கு எங்கள் பரிந்துரை: ஆலைக்குப் போவதற்கு மறுசுழற்சி, அப்படியே மீண்டும் எடுப்பதற்கு மறுபயன்பாடு. மறுபயனீடு என்று எழுதிப் பழகிய இடத்தில் அதையே வைத்துக்கொள்ளலாம்; அப்போது ரீயூஸுக்கு ‘மீண்டும் பயன்படுத்து’ என்று வினையாகவே எழுதுங்கள். தொட்டியின்மேல் சொல்லுக்குக் கீழே பொருளின் பெயரும் வரட்டும்: ‘மறுசுழற்சி. எண்ணெய் படாத அட்டை மட்டும்.’