ஒரே ஊசலில் மூன்று வகுப்பு

5 வயது, 9 வயது, 13 வயது என்று மூன்று பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், யாருக்கு எதை எப்போது சொல்லிக்கொடுப்பது என்பதுதான் வீட்டுக்கல்வியின் அன்றாடத் தலைவலி. பெரியவளுக்கு இயற்பியல் எடுத்தால் கடைக்குட்டி மேசைக்கு அடியில் புகுந்துவிடுகிறாள். அவளோடு எண்ண உட்கார்ந்தால் பெரியவள் போனைக் கையில் எடுத்துவிடுகிறாள். நடுவில் இருப்பவன் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கிறான். மூவருக்கும் தனித்தனியாக நடத்தலாம்தான். அதற்கு நடத்துகிறவரும் மூன்று பேராக இருக்க வேண்டும்.

அதனால்தான் வீட்டில் கற்பிப்பவர்கள் பலரும் செய்முறைக் கற்றல் பக்கம் போகிறார்கள். ஒரு பொருளை நடுவில் வைத்து, எல்லோரும் கைவைத்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவது. சில நாள் இது பிரமாதமாக நடக்கும். சில நாள் மூவரும் நன்றாக விளையாடிவிட்டு, எதுவும் கற்காமல் எழுந்து போய்விடுவார்கள். பொருள் அதேதான், பிள்ளைகளும் அவர்களேதான். கை நகர்வதற்கு முன் தலைக்குள் ஒரு கேள்வி இருந்ததா, அந்தக் கேள்வி அந்தந்த வயதுக்குப் பொருந்தியதா என்பதைப் பொறுத்துத்தான் நாள் அமைகிறது.

ஒரு ஊசலை எடுத்துக்கொள்வோம். அலமாரியின் மேல்தட்டில் டேப் போட்டு ஒட்டிய பென்சில், அதிலிருந்து தொங்கும் நூல், நூலின் நுனியில் ஒரு இரும்பு நட்டு. அவ்வளவுதான் கருவி.

5 வயதுக்காரிக்கு இதில் எண்ணுவதுதான் வேலை. நட்டு போய்த் திரும்பி வந்தால் ஒன்று. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும்: போனதை ஒன்று, வந்ததை இரண்டு என்று எண்ணி 10 ஆட்டத்துக்கு 20 என்பாள். கண் பார்ப்பதும் வாய் சொல்வதும் சேர்ந்து நகர வேண்டும். அவள் வயதில் அதற்கே முழுக் கவனமும் போய்விடும். பிறகு குட்டை நூல், நீள நூல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஆடவிட்டு, எது முதலில் திரும்பி வருகிறது என்று பார்க்கலாம். அன்றைக்கு அவளுக்கு அது போதும். பத்து நிமிடத்தில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள், பாடம் முடிந்தது.

9 வயதுக்காரனுக்குக் கேள்வி வேறு. ஊசலின் வேகத்தைத் தீர்மானிப்பது எது? எடையா, நூலின் நீளமா, எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதா? எடைதான் என்று சொல்பவர்கள் நிறைய, பெரியவர்களும் சேர்த்துத்தான். சரி, சோதித்துப் பார் என்றால் அவன் என்ன செய்வான்? இன்னும் இரண்டு நட்டைக் கட்டுவான், கட்டும்போது நூலும் கொஞ்சம் குட்டையாகிவிடும், ஊசல் வேகமாக ஆடும். “பாத்தீங்களா, எடைதான்!” ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியது அவன் கண்ணிலேயே படவில்லை.

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் பெர்பெல் இன்ஹெல்டரும் ஜான் பியாஜேயும் 1950களில் பிள்ளைகளிடம் இதே ஊசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பழக்கம் 11, 12 வயதுக்கு மேல்தான் ஒழுங்காக வருகிறது என்பது அவர்களுடைய முடிவு. தானாக வருவதைப் பற்றிய முடிவு அது. சொல்லிக்கொடுத்தால்? டேவிட் கிளாரும் மிலேனா நிகமும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சாய்தளமும் பந்தும் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு, நல்ல சோதனை எது, குழப்பமான சோதனை எது, ஏன் என்று எடுத்துக்காட்டோடு விளக்கினார்கள். இன்னொரு குழுவை, அதே பொருட்களோடு, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். விளக்கம் கேட்ட குழுவில் 77 சதவீதம் பேர் முறையைக் கைவசப்படுத்தினார்கள். தாமே கண்டுபிடிக்க விடப்பட்டவர்களில் 23 சதவீதம் பேர்.

செய்முறைக் கற்றலின் ரசிகர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்காத எண். இரண்டு குழுவுமே கையால் செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வித்தியாசம், என்ன செய்கிறோம் என்பதை ஒருவர் சுட்டிக்காட்டினாரா என்பதில் இருந்தது. “நீ இப்போ எத்தனை விஷயத்தை மாத்தின?” என்று ஒரே ஒரு கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டால் 9 வயதுக்காரன் திரும்பிப் போய் நூலை அளப்பான். பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொள்வது எப்போதும் பெருந்தன்மை ஆகாது.

அந்த நட்டு விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நூலின் அடியில் ஒரு முடிச்சு, அதன் மேல் 1 செ.மீ. கனமுள்ள ஒரு நட்டு, பென்சிலிலிருந்து நட்டின் நடுவரை 25 செ.மீ. என்று வையுங்கள். 10 ஆட்டத்துக்குச் சுமார் 10 வினாடி ஆகும். இப்போது நூலின் நீளத்தைத் தொடாமல், அதே முடிச்சின் மேல் இன்னும் இரண்டு நட்டைக் கோக்கிறான். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காருவதால் எடையின் நடுப்புள்ளி 1 செ.மீ. மேலே ஏறிவிடுகிறது. ஊசலின் உண்மையான நீளம் 24 செ.மீ. ஆகிவிட்டது. 10 ஆட்டத்துக்கு 9.8 வினாடி. மறுபடியும் எடைதான் ஜெயித்தது போலத் தோன்றும்! ஒரு கம்பிக் கொக்கியை வளைத்து, நட்டுகளைப் பக்கவாட்டில் ஒரே உயரத்தில் மாட்டினால் இந்த வித்தியாசம் காணாமல் போகும். எங்கிருந்து எங்கே வரை அளக்க வேண்டும் என்பதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். கொக்கியை வளைத்தவனுக்கு அந்த வரி மறக்காது.

13 வயதுக்காரிக்கு எண்கள் வேண்டும். 25, 50, 100 செ.மீ. நீளங்களுக்கு 10 ஆட்டத்தின் நேரம் சுமார் 10.0, 14.2, 20.1 வினாடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டே மடங்கு. ஓர் ஆட்டத்தின் நேரத்தை வர்க்கப்படுத்தி நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு விழும், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம், 9.8க்கு மிக அருகில் வரும். ஒரே ஆட்டத்தை ஏன் அளக்கக் கூடாது என்பதும் அவளுக்கான கேள்விதான். ஸ்டாப்வாட்ச் அமுக்குவதில் 0.2 வினாடி தவறினால் 1 வினாடி ஆட்டத்தில் அது 20 சதவீதப் பிழை. 10 ஆட்டத்தைச் சேர்த்து அளந்தால் 2 சதவீதம். இழுக்கும் கோணம் பெரிதானால் என்ன ஆகும்? சின்னக் கோணங்களில் நேரம் மாறுவதே தெரியாது. 60 பாகை வரை இழுத்துவிட்டால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நேரம் எடுக்கும். ஊசலின் ஆட்ட நேரம் வீச்சை, அதாவது எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதை, பொறுத்தது அல்ல என்ற கலிலியோவின் கூற்று எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அவளே அளந்து சொல்லலாம்.

ஆக, ஒரே நூலில் மூன்று பாடம். மூவருக்கும் ஒரே வழிமுறைத் தாளைக் கொடுத்தால் மட்டும் இது நடக்காது. நாம் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியவை மிகக் குறைவு. வளர்ந்தவர்களுக்கே அது நான்கு விஷயங்கள் அளவுதான் என்று நெல்சன் கோவன் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. புதிதாகக் கற்பவருக்குப் படிப்படியான விளக்கம் அந்தச் சுமையைக் குறைக்கிறது. ஏற்கெனவே தெரிந்தவருக்கோ அதே விளக்கம் தானே ஒரு சுமையாகி, கற்பதைக் கெடுக்கவும் செய்கிறது. ஜான் ஸ்வெல்லரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் இதைப் பலமுறை காட்டியிருக்கிறார்கள். தம்பிக்கு உதவுகிற அதே தாள் அக்காவைக் கொட்டாவி விட வைப்பதற்கு அவளுடைய திமிர் காரணம் இல்லை.

பொருளைத் தொடுவதற்கு முன் ஊகம் கேட்பது எல்லா வயதுக்கும் பொது. ஹார்வர்டில் எரிக் மசூரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் கொஞ்சம் கலங்கவைக்கிறது. இயற்பியல் வகுப்பில் செய்து காட்டிய சோதனைகளை வெறுமனே பார்த்த மாணவர்களும், பார்க்கவே இல்லாத மாணவர்களும் பிறகு அதைப் பற்றிய கேள்விகளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்தார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்கள்தான் தெளிவாக மேலே வந்தார்கள். ஊகம் தப்பாகப் போகும்போதுதான் மூளை நின்று கவனிக்கிறது. ஊகிக்காதவருக்கு எது நடந்தாலும் ஆச்சரியம் இல்லை, அதனால் பாடமும் இல்லை. வீட்டில் இதைச் செய்யும்போது ஒரு சின்ன விதி உதவும்: கடைக்குட்டி முதலில் சொல்லட்டும், பெரியவள் கடைசியில். வரிசை மாறினால் அக்கா சொன்னதே மூவரின் ஊகமும் ஆகிவிடும்.

அக்கா தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதால் அக்காவும் கற்கிறாளா? கற்கலாம், ஒரு நிபந்தனையோடு. ராட் ராஸ்கோவும் மிஷலின் சியும் 2007இல் இந்த வகை ஆய்வுகளை அலசிப் பார்த்தபோது, சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்ததை ஒப்பிப்பதோடு நின்றுவிடுவதைக் கண்டார்கள். ஒப்பிப்பதால் பெரிய லாபம் இல்லை. விளக்கும்போது தன் அறிவில் உள்ள ஓட்டையைக் கவனித்து, அதை அடைக்க முயலும்போதுதான் லாபம். அந்த ஓட்டையைக் காட்டுவதற்குச் சின்னப் பிள்ளையைப் போல் ஆள் கிடையாது.

“அக்கா, கனமா இருந்தா ஏன் சீக்கிரம் வரல?”

“நீளம்தான் முக்கியம், எடை இல்ல.”

“ஏன் இல்ல?”

இங்கே பெரியவள் மாட்டிக்கொள்கிறாள். சூத்திரத்தில் எடை இல்லை என்பது பதில் ஆகாது. கனமான நட்டைப் பூமி அதிகமாக இழுக்கிறது, ஆனால் கனமான ஒன்றை நகர்த்துவதும் அதே அளவுக்குக் கடினம். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. இதை 5 வயதுக்குப் புரியும் சொற்களில் சொல்ல முயன்றால் அவளுக்கே அது முதல்முறையாகப் புரிய வாய்ப்பு உண்டு. பெற்றோர் குறுக்கே புகுந்து பதில் சொல்லாமல் இருக்க வேண்டிய இடம் இதுதான், அதுதான் நம்மால் முடிவதில்லை.

சரி, கை என்னதான் செய்கிறது? ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2007இல் கிளாரின் குழு ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் எலிப்பொறி வில்லில் ஓடும் கார்களைக் கையால் கட்டச் சொன்னது, மற்றவர்களிடம் கணினித் திரையில் கட்டச் சொன்னது. கற்றதில் வித்தியாசம் இல்லை. ஆனால் 2015இல் கார்லி கான்ட்ரா, ஷான் பெய்லாக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் கதை மாறியது. சுழலும் சைக்கிள் சக்கரங்களின் அச்சைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்த மாணவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்களைவிடத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். சுழலும் சக்கரம் கையை எதிர்த்துத் திருகுகிறதே, அந்த உணர்வேதான் அங்கே பாடம். கற்க வேண்டியது விசை, எடை, சமநிலை போன்ற உடம்பில் உறைக்கிற விஷயமாக இருந்தால் கைக்கு வேலை கொடுங்கள். கருத்து வெறும் தர்க்கமாக இருந்தால் பென்சிலும் தாளும் போதும். நெம்புகோல் பாடத்தைத் திரையில் காட்டுவது எனக்கு வீணாகத்தான் படுகிறது.

பொருள் அழகாக இருப்பது பெரும்பாலும் தொல்லை. நிக்கோல் மெக்நீலின் குழு 2009இல், பணக் கணக்கு போடும் பிள்ளைகளில் சிலருக்கு அசல் போலவே அச்சிட்ட நோட்டுகளையும் நாணயங்களையும் கொடுத்துப் பார்த்தது. அவர்கள்தான் அதிகத் தவறு செய்தார்கள். பொருள் தன்னைப் பார்க்கச் சொல்லி இழுத்தால், அது எதைக் குறிக்கிறது என்பதில் கவனம் நிற்பதில்லை. கண்ணைப் பறிக்கும் கல்விப் பொம்மைகளை வாங்கிக் குவிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பாடத்தையும் இப்படிப் பொதுவில் வைக்க முடியாது. எழுத்துக்கூட்டிப் படிப்பது, பெருக்கல் வாய்ப்பாடு, இயற்கணிதம் எல்லாம் படிக்கட்டு மாதிரி. முந்தையது இல்லாமல் அடுத்தது நிற்காது. இவற்றுக்கு ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்தே ஆக வேண்டும், குறைந்த நேரமானாலும் தினமும். அறிவியல், வரலாறு, வரைபடம் போன்றவற்றை நடு மேசையில் வைத்தால் அந்தத் தனி நேரத்துக்கு இடம் கிடைக்கிறது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. ஒரு வாரம் கழித்து நூலையும் நட்டையும் கண்ணில் காட்டாமல், நினைவில் இருப்பதை வரையவோ சொல்லவோ கேளுங்கள். ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்துச் சிலரைத் திரும்பப் படிக்கவைத்தார்கள், மற்றவர்களைப் பத்தியைப் பார்க்காமல் நினைவுகூர வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நினைவுகூர்ந்தவர்கள் 56 சதவீதமும் திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதமும் சொன்னார்கள். அதனால் அன்றைய மாலையே “எல்லாம் தெரியும்” என்று பிள்ளை சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

அப்படிக் கேட்கும்போது புதுக் கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடினால் சீக்கிரம் திரும்பி வருவோமா, நின்றுகொண்டு ஆடினாலா? 5 வயதுக்காரி போய் ஆடிப் பார்க்கட்டும், 13 வயதுக்காரி நேரம் குறிக்கட்டும். எழுந்து நின்றால் உடம்பு எடையின் நடுப்புள்ளி மேலே போகிறது, ஊசல் குட்டையாகிறது, கொஞ்சம் சீக்கிரம் திரும்பிவிடும். மூன்று நட்டைக் கோத்து ஏமாந்தவன் இதை ஆடிப் பார்க்காமலே சொல்லிவிடக்கூடும்.